பிழைத்துப்போன சேட்டைப் பிழைக்க வைத்தல்: வன்னி வெயிலில் ரை டை

ஒரு தை மாதம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பச்சை இல்லத்துக்காக 24 ரீசேட் கேட்டிருந்தார்கள். ரை டை என்றால் துணியை மடித்துக் கட்டிச் சாயம் ஊற்றுகிற வேலை. ஊற்றியபோது நல்ல கிளிப்பச்சை. மறுநாள் கிணற்றடியில் அவிழ்த்து அலசினால், முருங்கையிலை கழுவின தண்ணீரில் தோய்த்தெடுத்ததுபோல ஒரு வெளிறல். பார்க்க வந்த ரீச்சர் சொன்னா: “தங்கச்சி, இதைப் போட்டுக்கொண்டு பிள்ளையள் ஓடினால் எந்த இல்லமெண்டு நடுவருக்கே தெரியாது.”

சாயம் விற்றவனை ஒரு கிழமை திட்டித் திரிந்தேன். பிழை அவனிடம் இருக்கவில்லை. சாயத்திலும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ சேட்டுகள் பிழையாகிவிட்டன. ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடிப்போனால் தண்ணீரிலோ, சோடாவிலோ, காற்றிலோதான் போய் நிற்கும். கட்டத் தெரியாமல் பிழைத்தது மிகக் குறைவு. எங்கோ குளிர்நாட்டில், குழாயில் மென்மையான தண்ணீர் வரும் வீட்டில் இருந்து எழுதிய செய்முறையை அப்படியே வன்னிக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் வரும்.

கீழே குறிகளின்படி எழுதியிருக்கிறேன். உங்கள் சேட்டில் தெரிகிற குறியைத் தேடி அந்த இடத்தை மட்டும் வாசித்தாலும் போதும். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் வாசியுங்கள்.

முதலில், கையில் இருப்பது எந்தச் சாயம்?

இரண்டு வகைச் சாயம் எங்கள் பக்கம் கிடைக்கும். ஒன்று, சின்னப் பைக்கற்றில் வரும் துணிச்சாயம். கொதிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டுத் துணியை அவிக்கச் சொல்லி அதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். மற்றது பத்திக் செய்கிறவர்கள் பாவிக்கும் ரியாக்ரிவ் சாயம். இதில் ரை டைக்கு உகந்தது புரொசியன் எம்எக்ஸ் வகை. அவிக்கத் தேவையில்லை, சோடா இருந்தால் சாதாரண வெப்பத்திலேயே பஞ்சு நூலோடு இரசாயனப் பிணைப்புப் போட்டுவிடும். கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் பத்திக் சாமான் விற்கிற கடைகளில் கேட்டால் கிடைக்கும். யாராவது கொழும்புக்குப் போனால் சொல்லி விடுவதுதான் என் வழக்கம்.

முதல் வகையைக் குளிர் தண்ணீரில் கரைத்துப் போத்தலால் பீச்சினால் பெரும்பகுதி கழுவுப்பட்டுப் போகும். அந்தச் சாயத்தின் இயல்பே அது, நீங்கள் எதுவும் பிழையாகச் செய்யவில்லை. அதை வைத்திருப்பவர்கள் சேட்டைக் கட்டிச் சட்டியில் போட்டு அவித்தெடுங்கள். அந்தச் சட்டியில் பிறகு சமைக்காதீர்கள். இனிமேல் நான் சொல்வதெல்லாம் இரண்டாவது வகைக்கு.

அலசினதும் நிறம் எல்லாம் தண்ணீரோடு போகிறது

என் 24 சேட்டுக்கும் நடந்தது இதுதான். வந்து கேட்கிற பத்துப் பேரில் ஏழு பேர் சொல்வதும் இதைத்தான், ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் சோடாவைச் சந்தேகியுங்கள். கடையில் போய் வெறுமனே “சோடா” என்று கேட்டால் அப்பச்சோடாவைத்தான் எடுத்துத் தருவார்கள். நானும் அதைத்தான் வாங்கினேன். அப்பம் பொங்குவதற்கு அது நல்லது, சாயம் பிடிக்க அதன் காரம் காணாது. வேண்டியது சலவைச் சோடா, அதாவது சோடியம் காபனேற்று. காரம் எவ்வளவென்று காட்டுகிற பி.எச். அளவு அப்பச்சோடாக் கரைசலில் எட்டைக் கொஞ்சம் தாண்டும், சலவைச் சோடாவினுடையது பதினொன்றுக்குக் கிட்ட நிற்கும். அந்த இடைவெளியில்தான் என் பச்சை முழுக்க ஓடிப்போனது.

எது எது என்று தெரியாவிட்டால் குசினியிலேயே சோதிக்கலாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து ஒரு வெள்ளைத் துணித்துண்டை அதில் நனைத்துக் காயவிடுங்கள். சோடாவில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். சலவைச் சோடாவென்றால் அந்த இடம் உடனே செக்கச் செவேலென்று மாறும். அப்பச்சோடாவென்றால் அவ்வளவுக்குச் சிவக்காது, சற்றுச் செம்மஞ்சளாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆகிறதே, அதே சங்கதி.

சலவைச் சோடா அகப்படவே இல்லையா? அப்பச்சோடாவை இரும்புத் தாச்சியில் போட்டு, நல்ல நெருப்பில் கிளறிக் கிளறி வறுங்கள். காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளியேற, மிஞ்சுவது சலவைச் சோடா. 100 கிராம் போட்டால் முழுதாக மாறி முடிந்தபோது ஏறக்குறைய 63 கிராம்தான் இருக்கும். தராசு இருந்தால் அந்த நிறையை வைத்தே வேலை முடிந்ததா என்று சொல்லிவிடலாம். அலுமினியச் சட்டி மட்டும் வேண்டாம், காரம் அதைத் தின்றுவிடும். இன்னொன்று: சோடா சிலவேளை கற்கண்டுபோலப் படிகமாக வரும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தூளில் 50 கிராம் போடுகிற இடத்தில் படிகத்தில் 135 கிராம் போட வேண்டும்.

அளவு: ஒரு லீற்றர் தண்ணீருக்குத் தூள் சோடா 50 கிராம். சேட்டை அதில் 20 நிமிடம் ஊறவிட்டு இறுக்கிப் பிழிந்து, பிறகு கட்டுங்கள். கையுறை போடுங்கள், கை வெந்துபோகும்.

சோடா சரியென்றால் துணியைப் பாருங்கள். ‘கொட்டன்’ என்று சொல்லி விற்பதெல்லாம் கொட்டன் அல்ல. மடிப்பின் உள்பக்கத்திலிருந்து ஒரு நூலை இழுத்து நெருப்புக் காட்டுங்கள். கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாக உதிர்ந்தால் பஞ்சு. உருகிக் கறுப்பாய் ஒரு மணிபோல் கெட்டித்தால் பொலியெஸ்ரர். பாதி உதிர்ந்து பாதி கெட்டித்தால் கலப்பு. ரியாக்ரிவ் சாயம் பொலியெஸ்ரரைத் திரும்பியும் பார்க்காது. கலப்புத் துணியில் பஞ்சு இருக்கிற அளவுக்குத்தான் நிறம் நிற்கும், அதற்கு மேல் எந்தக் கைமருந்தும் இல்லை. விஸ்கோஸ் துணி பிடிக்கும், சொல்லப்போனால் பஞ்சை விட நன்றாகவே பிடிக்கும்.

துணியும் சரியென்றால் சாயத்தின் வயதைப் பாருங்கள். தூளாக, ஈரம் படாமல் மூடி வைத்தால் நீண்டநாள் இருக்கும். தண்ணீரில் கலந்த நிமிடத்திலிருந்து அது தண்ணீரோடேயே பிணைந்து செத்துக்கொண்டு போகிறது. எங்கள் வெக்கையில் மேசைமேல் வைத்த போத்தலை இரண்டு நாளுக்கு மேல் நான் நம்புவதில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு கிழமை தாங்கும். வைக்கிறவர்கள் போத்தலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகள் சர்பத் என்று நினைக்கப்போகிறார்கள். சிலர் வேலை மிச்சமென்று சோடாவைச் சாயப் போத்தலுக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். காலையில் கலந்ததைப் பின்னேரம் ஊற்றினால் அது நிறத் தண்ணீர்தான், சாயம் அல்ல.

இனி வன்னிக்கே உரிய காரணம், காற்று. சேட் ஈரமாக இருக்கிற வரைக்கும்தான் சாயம் பிணையும். காய்ந்த நிமிடத்தோடு வேலை நின்றுவிடும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் வீசுகிற சோளகத்தில் கொடியில் போட்ட சாரம் தேத்தண்ணி குடித்து முடிக்கமுதல் காய்ந்துவிடும். கட்டின சேட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால் ஓரமெல்லாம் மொறுமொறுத்துக் கிடக்கும், நிறம் ஒருநாளும் பிடித்திருக்காது. சாயம் ஊற்றினவுடன் சொப்பிங் பைக்குள் போட்டு, காற்று போகாமல் முடிந்து வையுங்கள். செய்முறைகளில் 24 மணித்தியாலம் என்று இருக்கும். அது 21 பாகை வீட்டுக்குச் சொன்னது. ஆடி மாதத்தில் எனக்குப் பின்னேரம் கட்டி விடிய அவிழ்த்தாலே போதுமாக இருக்கிறது. மார்கழி மழையில் முழுதாக 24 மணித்தியாலம் விடுவேன், சில வேளை அடுப்படியில் கொண்டுபோய் வைப்பேன்.

ஈரம் பிடித்து வைக்க யூரியாவும் உதவும். வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். சாயம் கலக்கிற தண்ணீரில் ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி. சாயத்தைக் கூடுதலாகக் கரைய வைக்கும், துணியைச் சீக்கிரம் காயவும் விடாது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது ஒரு கரண்டி யூரியா கேட்டுப்போன என்னை வயல்காரர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அந்த வருடம் முழுக்க யூரியா இல்லாமல்தான் செய்தேன். பையை இறுக்கி முடிந்தால் அது இல்லாமலும் வரும்.

வெளிறின சேட்டை எறிய வேண்டாம். பிடித்த சாயம் எங்கேயும் போகாது. திரும்பச் சோடாவில் ஊறவைத்து, திரும்பக் கட்டி, மேலே ஊற்றுங்கள். என் 24இலும் 22ஐ இப்படித்தான் மீட்டேன், மற்ற இரண்டும் கலப்புத் துணி.

ஈரத்தில் கடுமையாய்த் தெரிந்த நிறம் காய்ந்ததும் ஒரு படி இறங்கத்தான் செய்யும், அதைப் பிழையென்று எண்ணாதீர்கள்.

சேட் முழுக்கச் சரி, கொலரும் தோளும் மட்டும் திட்டுத்திட்டாக வெளிறல்

தேங்காயெண்ணெய். போட்டுத் தோய்த்த பழைய சேட்டில் தலையெண்ணெய் ஊறின இடத்தில் சாயம் ஏறாது. புதுச் சேட்டிலும் ஆலையில் போட்ட கஞ்சிப்பசை இப்படியே தடுக்கும். எந்தச் சேட்டையும் கட்டமுதல் சுடுதண்ணீரில் சவர்க்காரத்தூளும் ஒரு பிடி சலவைச் சோடாவும் போட்டுத் தோய்த்தெடுங்கள். வாசத்துக்குப் போடுகிற துணி மென்மையாக்கி மட்டும் வேண்டாம்.

தையல் மட்டும் வெள்ளையாக நிற்கிறது

தைத்த நூல் பொலியெஸ்ரர். ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

நிறம் மங்கல், சாம்பல் பூசினதுபோல. சோடா வாளி பாலாகக் கலங்குகிறது

பள்ளிக்கூடத்தில் வன்னீர், மென்னீர் என்று படித்திருப்பீர்கள். வன்னித் தண்ணீர் பெரும்பாலும் வன்னீர். வவுனியாப் பக்கம் கருங்கல் நிலம், பூநகரி, மன்னார்ப் பக்கம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, சவர்க்காரம் போட்டால் நுரைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறதே, அந்தக் கல்சியமும் மக்னீசியமும்தான் சாயத்தையும் பிடித்துத் திரளவைத்து நிறத்தைக் கெடுக்கின்றன. சோடாவைப் போட்டதும் வாளி பாலாகக் கலங்குவதும் அதனால்தான், கல்சியம் காபனேற்று பிரிந்து மிதக்கிறது. அந்தத் தூள் துணியில் ஒட்டினால் காய்ந்தபின் ஒரு சாம்பல் படலம் தெரியும்.

சோடா தானே தண்ணீரை மென்மையாக்கிவிடுகிறது என்பதுதான் இதில் வசதி. முதல்நாள் இரவே சோடாவைக் கரைத்து வாளியை மூடி வையுங்கள். விடியப் பார்த்தால் வெள்ளை எல்லாம் அடியில் படிந்திருக்கும். மேல்தண்ணீரை ஆட்டாமல் அசைக்காமல் மற்ற வாளிக்கு இறுத்துக்கொள்ளுங்கள்.

சாயம் கலக்கிற தண்ணீருக்கு இந்த வழி உதவாது, சோடா சேர்ந்தால் சாயம் செத்துவிடும். அதற்கு மழைத்தண்ணீர்தான். ஐந்தாறு சேட்டுக்குச் சாயம் கலக்க ஒன்றரை லீற்றருக்கு மேல் தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினதும் முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு பெய்வதைத் துணியால் வடித்து ஒரு பெரிய கானில் மூடி வைத்தால் சிறுபோகம் முடியுமட்டும் சாய வேலைக்கு அது காணும். என் வீட்டில் அந்தக் கானைத் தொட்டால் யாராக இருந்தாலும் பேச்சு விழும்.

சிலவிடங்களில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் இறைத்தபோது தெளிவாக இருந்து, வெள்ளை வாளியில் வைத்தபின் மெல்ல மண்நிறமாக மாறும். அது இரும்பு. மஞ்சளும் இளஞ்சிவப்பும் அதில் அழுக்காகத் தெரியும். ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்து, துரு அடியில் படிந்தபிறகு மேல்தண்ணீரை எடுங்கள்.

வெள்ளையாக நிற்க வேண்டிய இடமெல்லாம் நிறம் ஏறியிருக்கிறது

இது கட்டுவதில் அல்ல, அலசுவதில் வருகிற பிழை. ஆசைதான் காரணம். விடிந்ததும் விடியாததுமாகக் கட்டை அவிழ்த்துப் பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் துணியில் பிணையாத சாயம் நிறையக் கிடக்கிறது. சோடாவும் கிடக்கிறது. அவிழ்த்துக் குவித்தால் மிச்சச் சாயம் வெள்ளையில் போய்ப் பிடிக்கும்.

கட்டோடேயே குளிர் தண்ணீரில் பிடியுங்கள். வாளியில் ஊறவைக்க வேண்டாம், கோப்பையால் அள்ளி ஊற்றிக்கொண்டே இருங்கள். ஓடுகிற தண்ணீர் ஓரளவு தெளிந்ததும் றப்பர் பான்டை வெட்டி அவிழ்த்து, திரும்பவும் குளிர் தண்ணீர். சோடாவின் வழுவழுப்புப் போனபிறகுதான் சுடுதண்ணீர். கொதித்த தண்ணீர் ஒரு பங்கும் கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் 60 பாகைக்கு மேலே வரும், அந்தச் சூடு போதும். சவர்க்காரத்தூள் போட்டு, நிறையத் தண்ணீரில், சேட்டுகளை நெருக்காமல் தோயுங்கள். குளிர் தண்ணீரால் மட்டும் அலசினால் மிச்சச் சாயம் முழுதாகக் கழலாது.

ஏற்கனவே ஏறிவிட்டதென்றால் உடனே இன்னும் இரண்டு முறை சுடுதண்ணீரில் தோயுங்கள். பிணையாத சாயமென்றால் இறங்கிவிடும். சோடாவோடு ஒரு இரவு குவிந்து கிடந்ததென்றால் இறங்காது. அந்த வெள்ளையை மறந்து, அதன்மேல் ஒரு வெளிர் மஞ்சளை முழுக்க ஊற்றி, அப்படித்தான் நினைத்துச் செய்தது என்று சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்து சேறாகிவிட்டது

சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, நீலத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள். இந்த மூன்று சோடியும் ஒன்றோடு ஒன்று கலந்தால் இரணைமடு வாய்க்காலில் முதல் தண்ணீர் திறந்துவிட்டதுபோல மண்ணிறம்தான். வானவில்லின் வரிசையில் பக்கத்துப் பக்கத்து நிறங்களை வையுங்கள். எதிரியைப் பக்கத்தில் வைக்கத்தான் வேண்டுமென்றால் நடுவில் ஒரு விரல் அகலம் வெள்ளை விடுங்கள். சாயம் ஊறின சேட்டைச் சாயம் வழிந்த தட்டில் குட்டைக்குள் படுக்க வைப்பதும் இதே சேற்றைத்தான் தரும். பழைய கம்பி வலை ஒன்றின்மேல் வைத்தால் வழிவது கீழே போகும்.

சேறானதை மீட்க வழி கருநீலமோ கறுப்போ மேலே போடுவது. எங்கள் வீட்டில் வயலுக்குப் போடுகிற சேட்டுகள் பாதி இப்படி வந்தவை.

கோலம் தெளிவில்லை, அல்லது நடுவில் வெறும் வெள்ளை

இரண்டும் எதிரெதிர்ப் பிழைகள். கோலம் கரைந்திருந்தால் கட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது சேட்டைச் சரியாகப் பிழியவில்லை. பிழிந்தபின் சொட்டக்கூடாது, ஈரம் கையில் தெரிய வேண்டும். முறுக்கிச் சுருட்டுவதற்குச் சேட்டை மேசையில் தட்டையாக விரித்து, நடுவில் ஒரு கரண்டிக் காம்பை நிறுத்தி, மடிப்புகள் ஒரே உயரத்தில் நிற்கச் சுற்றுங்கள். மேலே எழும்புகிற மடிப்பைக் கையால் தட்டி அமுக்க வேண்டும். எழும்பின மடிப்புத்தான் சாயத்தைக் குடித்துவிட்டு உள்ளே போகவிடாமல் தடுக்கிறது.

வெள்ளை மிஞ்சினால் சாயம் உள்ளே போகவில்லை. மேலே ஊற்றாமல், சோஸ் போத்தலின் நுனியை மடிப்புக்குள் செருகிப் பீச்சுங்கள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் பீச்ச வேண்டும். பிள்ளைகளின் சின்னச் சேட்டுக்குச் சரியாக இருந்த அளவு பெரிய ஆளின் சேட்டுக்குக் காணாது, இது எல்லாரும் ஒருமுறை விடுகிற பிழை.

மதுரைச் சுங்குடிச் சேலைக்காரர்கள் புள்ளி புள்ளியாக நூலால் கட்டுவார்கள். அந்த நுணுக்கம் றப்பர் பான்டால் வராது. சாக்கு தைக்கிற நூலை மெழுகுதிரியில் இழுத்துவிட்டுக் கட்டிப் பாருங்கள், புள்ளி கூர்மையாக விழும்.

எங்கும் சின்னச் சின்ன நிறப்பொட்டு

கரையாத சாயத்தூள். நேரே போத்தலுக்குள் தூளைக் கொட்டிக் குலுக்கினால் கட்டி மிஞ்சும். ஒரு கிண்ணத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சந்தனம்போலக் குழைத்து, பிறகு மெல்ல மெல்லத் தண்ணீர் சேர்த்து, பழைய நைலோன் காலுறையால் வடித்தெடுங்கள். ஒரு கோப்பைக்கு, அதாவது 250 மில்லிலீற்றருக்கு, இரண்டு தேக்கரண்டித் தூள். கறுப்புக்கு அதன் இரண்டு மடங்கு.

பொட்டு ஒரு சேட்டில் மட்டும் இல்லாமல் கொடியில் கிடந்த மற்ற உடுப்பிலும் இருந்தால் தூள் காற்றில் பறந்திருக்கிறது. அது சேட்டுக்கு வந்த பிரச்சினை மட்டும் அல்ல. ரியாக்ரிவ் சாயத்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமை வந்து, இழுப்பு வரைக்கும் போகும். காற்றாடியை நிறுத்தி, மாஸ்க் போட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் தூளைத் திறக்க வேண்டும். கரைந்து தண்ணீரான பிறகு பிள்ளைகள் கையுறையோடு வந்து பீச்சலாம்.

கறுப்பின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும். நீலப்பச்சை மட்டும் வெளிறல்

கறுப்புத் தூள் பெரும்பாலும் பல நிறங்களின் கலவை. துணியில் ஓடும்போது ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், ஓரத்தில் பிரிந்து தெரியும். கூடுதலான தூளைப் போட்டு, குறைந்த அளவு தண்ணீரோடு ஊற்றினால் குறையும். மயில்நீலமென்று விற்கிற அந்த நீலப்பச்சையின் மூலக்கூறு பெரிது, மெதுவாகத்தான் பிணையும், சூடு கூடத் தேவை. அதைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் செய்ய வேண்டி வந்தால் இரண்டு நாள் பைக்குள்ளேயே கிடக்கட்டும். அலசும்போதும் கடைசியாகத் தெளிவது அதுதான்.

ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் சாயம் போகிறது

பக்கத்து வீட்டு மாமி உடனே சொல்வா: “பிள்ளை, ஒரு பிடி உப்பும் கொஞ்சம் வினாகிரியும் போட்டு ஊறவை, சாயம் நிக்கும்.” மாமியின் மனதுக்கு நன்றி. ஆனால் ரியாக்ரிவ் சாயத்துக்கு இது பொருந்தாது. வினாகிரி அமிலம். பட்டு, கம்பளியில் அமிலச் சாயத்துக்கு அது வேண்டும். பஞ்சில் சோடா செய்கிற வேலையை அது கெடுத்துவிடும். ஆனையிறவு உப்பைக் கிலோக் கணக்கில் கொட்டினாலும் கழலுகிற சாயத்தை அது பிணைக்காது. வாளி நிறையச் சாயத் தண்ணீரில் முழுச் சேட்டையும் ஊறவைக்கும்போது சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவதற்குத்தான் உப்பு.

கழன்றுகொண்டு வருவது முதல் தோய்ப்பில் போகாமல் மிஞ்சின சாயம். சுடுதண்ணீரில் இன்னும் இரண்டு முறை தோய்த்தால் முடிந்துவிடும். ஈரச் சேட்டை ஒரு வெள்ளைத் துணியில் சுருட்டி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். விடிய வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் மற்ற உடுப்போடு சேர்த்துத் தோய்க்கலாம். விற்கிறவர்கள் இந்தச் சோதனை இல்லாமல் ஒரு சேட்டையும் கொடுக்காதீர்கள். ஒருவரின் வேட்டியை இளஞ்சிவப்பாக்கின அனுபவம் எனக்குண்டு.

கழலாமல், கொடியிலேயே வெளிறினால் அது வெயில். உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் போடுங்கள்.

கறுப்புச் சேட்டை புளீச்சால் வெளுத்தேன், பிறகு ஓட்டை விழுந்தது

கறுப்புச் சேட்டைக் கட்டி புளீச் தெளித்தால் உள்ளே இருந்து செம்மஞ்சள், மண்ணிறம் எல்லாம் வரும். எது வருமென்று அவிழ்க்கும்வரை தெரியாது, அந்தச் சூதாட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் குளோரின் நிறத்தோடு நூலையும் தின்னும். அலசினாலும் துணிக்குள் கொஞ்சம் நின்று தின்றுகொண்டே இருக்கும். ஒரு பங்கு புளீச்சுக்கு இரண்டு பங்கு தண்ணீர். நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், எட்டு நிமிடத்துக்கு மேல் நான் விடுவதில்லை. அலசின பிறகு பாமசியில் விற்கிற 3 வீத ஐதரசன் பெரொட்சைட்டில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்தால் மிச்சக் குளோரின் அடங்கும்.

வினாகிரியோ தேசிப்புளியோ விட்டு அடக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பரந்தனில் ஒரு காலத்தில் குளோரினும் செய்கிற தொழிற்சாலை இருந்தது. அந்த வாயுவைக் குசினிக்குள் செய்ய வேண்டியதில்லை. வெளியில், காற்று வருகிற பக்கம் நின்று செய்யுங்கள்.

மஞ்சளால் சாயம் போட்டேன், சவர்க்காரம் பட்டதும் சிவந்துவிட்டது

மேலே சோடாவைச் சோதித்தோமே, அதேதான், சவர்க்காரத்திலும் காரம் இருக்கிறது. நன்றாக அலசினால் திரும்பவும் மஞ்சளாகும். ஆனால் வெயிலில் நாலு நாள் போட்டால் அதுவும் போய்விடும், மஞ்சள் நிற்கிற சாயம் அல்ல. நிற்கிற இயற்கைச் சிவப்பு எங்கள் மண்ணிலேயே இருந்தது. சாயவேர் என்று ஒரு சின்னச் செடி, மணற்பாங்கான நிலத்தில் வளரும். படிகாரம் ஏற்றின துணியில் அதன் வேர் நல்ல சிவப்புத் தரும். மன்னார், யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் அந்த வேரைத் தோண்டுவிக்கும் உரிமையை ஒல்லாந்தர் தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். அவ்வளவு பெறுமதி. நான் அதில் இன்னும் கைவைக்கவில்லை.

கழிவுத் தண்ணீரும் கையும்

சாயமும் சோடாவும் கலந்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள், வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். சோடா செடிக்கு ஆகாது, ஆகவே வாழையடியிலும் வேண்டாம். வளவின் ஒதுக்குப்புறத்தில், கிணற்றுக்கு எட்டத்தில் ஒரு கிடங்கு வெட்டி, நிறையத் தண்ணீர் சேர்த்து அதில் விடுகிறேன்.

கை நீலமாகிவிட்டால் புளீச் போட்டுத் தேய்க்க வேண்டாம், தோல்தான் போகும். தோல் தானே புதுப்பிக்கும், நாலைந்து நாளில் மறைந்துவிடும். கலியாண வீடு வருகிற கிழமையில் மட்டும் கையுறை கிழிந்திருக்கிறதா என்று முதலில் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.